ரவுண்ட்ஸில் பேசியவர்

"பொய் சொல்லாதீங்கய்யா, எனக்கு நேரமில்ல."

நோயாளிகளுக்கு அவர் சொல்லும் காலை வணக்கம் இதுதான்.

காலை ஏழு மணிக்கு ஆண்கள் சர்ஜரி வார்டின் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வருவார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கக்கத்தில் ஒரு நீள நோட்டு. முதல் கட்டிலுக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு பேரைத் திட்டியிருப்பார். ஜன்னல் கம்பியில் ஈரத் துண்டைக் காயப்போட்டவருக்கு ஒன்று. சர்க்கரைக்காரருக்கு ஃபிளாஸ்க் நிறைய டீ வாங்கிவந்த மச்சினனுக்கு ஒன்று. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதுப் பெண். ஒல்லி. குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சேராத குரல். பஸ் ஸ்டாண்டில் நின்று "தேனி, கம்பம்" என்று கூப்பிடுகிறவர்களுக்கு இருக்குமே, அந்த மாதிரி.

விளாங்குடியைத் தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அது. நான் அங்கே ஒன்பது வருஷம் வார்டு கிளார்க்காக இருந்தேன். கேஸ் ஷீட்டுகளை அடுக்குவது, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அவற்றை ட்ராலியில் வைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டு போவது, வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி டைப் அடிப்பது, இவ்வளவுதான் வேலை. பள்ளிக்கூடம் போனது பத்தாவது வரை. மற்றதெல்லாம் காதால் படித்தது. மனுஷர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம். அப்படிக் காதில் சேர்த்துவைத்த பேச்சில் பாதி இவர் பேசியது.

இவர் டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட். நாங்கள் பி.ஏ. என்போம். அதற்கென்றே தனியாகப் படித்துப் பட்டம் வாங்கி வருகிறார்கள். டாக்டர் வருவதற்கு முன்னால் நோயாளியைப் பார்ப்பார். என்ன செய்கிறது என்று கேட்பார், தொட்டுப் பார்ப்பார், எழுதுவார். ரவுண்ட்ஸில் டாக்டருக்கு எடுத்துச் சொல்வார். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டரோடு நிற்பார். டாக்டர் சொன்னதை வீட்டாருக்குப் புரிகிற பேச்சில் சொல்வார். முடிவு டாக்டருடையது. அந்த முடிவுக்கு வேண்டியதையெல்லாம் கொண்டுவந்து சேர்ப்பது இவர்.

இதை வார்டில் யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. பாதிப் பேர் "சிஸ்டர்" என்பார்கள், மீதிப் பேர் "டாக்டரம்மா" என்பார்கள். இரண்டுக்கும் திட்டு விழும். ஒரு தடவை ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் வந்து படுத்திருந்தார்.

"நீங்க டாக்டரா, நர்சாம்மா?"

"ரெண்டும் இல்ல சார். பி.ஏ."

"சந்தோஷம். எந்த சப்ஜெக்ட்ல?"

"வயித்துவலில சார். சட்டையத் தூக்குங்க."

வார்டே சிரித்தது. ஹெட்மாஸ்டர் சிரித்துத் தையல் வலித்து "அம்மா" என்றார். "இப்பத்தான் சார் உண்மையச் சொல்லிருக்கீங்க" என்று சொல்லி இவர் எழுதிக்கொண்டார்.

உண்மை சொல்ல மாட்டார்கள் என்பதுதான் அவர் கோபத்துக்கெல்லாம் அடிவேர். நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய டாக்டர், பின்னால் ஆறு பேர் தொடர, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று "எப்படிய்யா இருக்கு?" என்று கேட்டால், வலிக்கிறது என்று சொல்வது மரியாதை ஆகாது. மனுஷன் அவ்வளவு பாடுபட்டு ஆபரேஷன் பண்ணியிருக்கிறார். இன்னும் வலிக்கிறது என்றால் அவர் கையைக் குறை சொன்ன மாதிரி. ஆகவே "உங்க புண்ணியத்துல நல்லாருக்கேங்கய்யா" என்பார்கள். எழுந்து உட்காரக்கூடப் பார்ப்பார்கள். அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு சாய்வார்கள். உயிர் போகிற வலியை விழுங்கிவிட்டு, டாக்டர் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டோம் என்று நிம்மதி வேறு.

இவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். "எப்படி இருக்கீங்கன்றது வீட்டுக்கு வந்த சம்பந்தியக் கேக்குறது அண்ணே. அதுக்குப் பதிலும் சம்பந்தி சொல்ற பதிலாத்தான் இருக்கும்" என்பார். இவர் கேட்பது வேறு. "கக்கூசுக்குத் தனியாப் போனீங்களா, செவத்தப் பிடிச்சுட்டுப் போனீங்களா? இட்லி எத்தனை வந்துச்சு, எத்தனை மிஞ்சுச்சு? யாரு தின்னது மிஞ்சினத?" அதிலும் சந்தேகம் என்றால் அடுத்த கட்டிலைப் பார்த்துத் திரும்புவார். "பக்கத்துக் கட்டில்காரன் பொய் சொல்ல மாட்டான். சொல்லி அவனுக்கு என்ன லாபம்?"

ஒரு லாரி டிரைவர். சோழவந்தான் பக்கம். பித்தப்பைக் கல்லுக்கு வந்தவர். ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வந்து நிற்கிறார். அவரைப் பெரிய சார் என்போம். ஆஸ்பத்திரியே அவருடையதுதான்.

"எப்படிப்பா இருக்கு?"

"சூப்பருங்கய்யா."

"பொய் சொல்றார் சார்" என்றார் இவர்.

ட்ராலியைப் பிடித்திருந்த நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ரவுண்ட்ஸில் யாரும் அப்படிப் பேசுவது கிடையாது. கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் எழுதிக்கொண்டு நிற்க வேண்டும்.

"விடிஞ்சதுலருந்து ரெண்டு தடவை தார் மாதிரி கறுப்பாப் போயிருக்கு சார். பக்கத்துக் கட்டில் அண்ணன் சாட்சி."

பக்கத்துக் கட்டில்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினார். "ஆமாங்கய்யா, நான்தான் கூடப் போனேன்." பெரிய சார் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கே குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலில் புண், ரத்தக் கசிவு. ஆள் பிழைத்தார். போகும்போது இவரைக் கும்பிட்டார். "இனிமே பொண்டாட்டிகிட்டயாவது உண்மையச் சொல்லுங்க" என்று இவர் திட்டி அனுப்பினார்.

அந்த வருஷ ஆண்டுவிழாவில் பெரிய சார் மைக்கைப் பிடித்து, "எனக்கு ரெண்டு கண்ணு பத்தாது. இந்தப் பிள்ளை என்னோட மூணாவது கண்ணு. இதுதான் டீம்" என்றார். எல்லாரும் கைதட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த இவர் குனிந்து என் காதில் சொன்னார்: "கண்ணுன்னு சொல்றார் பாத்தீங்களா அண்ணே. வாயின்னு சொல்லலை."

நான் சிரித்தேன். நல்ல பேச்சு என்று அதையும் காதில் போட்டு வைத்துக்கொண்டேன். அத்தோடு சரி.

என்னையும் அவர் விட்டதில்லை. ஒரு குடலிறக்கக் கேசுக்கு வலது என்பதை இடது என்று அடித்துவிட்டேன். தாளைக் கொண்டுவந்து என் கீபோர்டின் மேல் வைத்தார். "இந்தத் தாளோட இவர் வேற ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்க இருக்கவன் தையலைக் காணோம்னு தேடிட்டிருப்பான். நாம பண்ணின ஆபரேஷன நாமளே ஒளிச்சு வச்ச மாதிரி ஆகிப்போகும்." வார்டு முழுக்கக் கேட்டது. எனக்கு ரோஷம், என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் டிபன் பாக்ஸ் மூடியில் அயிரை மீன் குழம்பு கொண்டுவந்து வைத்தார். "திட்டினதுக்கு இல்ல. வீட்டுல மிஞ்சிப்போச்சு" என்றார். மிஞ்சின குழம்பில் அத்தனை மீன் இருக்காது.

இனிமேல் வருவதையும் எழுதத்தான் போகிறேன். கோபத்தில்.

திருவாதவூரிலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது. சர்க்கரை உண்டு. வரப்பில் எதையோ மிதித்துக் காலில் புண்ணாகி, பெரிய சார் அதைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டிருந்தார். பெரிய சாருக்கு ஒரு சட்டம் உண்டு: "நான் போட்ட கட்டை நான் சொல்லாம யாரும் பிரிக்கக் கூடாது." நல்ல கை அவருக்கு, அதில் பொய் கிடையாது. என் மனைவிக்கு அப்பெண்டிக்ஸ் வெடிக்க இருந்தபோது, அவருடைய வீட்டு விசேஷத்திலிருந்து எழுந்துவந்து ஆபரேஷன் பண்ணின மனுஷன். அதனால்தான் அவருக்கு முன்னால் எனக்கு எப்போதும் முதுகு வளைந்தே இருக்கும்.

விவசாயி வந்து ஐந்தாம் நாள். காலை ஏழு மணிக்கு இவர் கட்டிலுக்குப் போனார். நான் கேஸ் ஷீட் எடுக்கப் போயிருந்தேன்.

"விடியக்காலைல குளிரு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு தாயி" என்றார் விவசாயி. "இவ ரெண்டு போர்வையப் போட்டு அமுக்கிக்கிட்டுக் கெடந்தா."

"காய்ச்சல் பாத்தாங்களா?"

"ஆறு மணிக்கு நர்சம்மா பாத்துச்சு. இல்லன்னுருச்சு."

"நடுக்கம் வந்துருக்கு, காய்ச்சல் இல்லையா? மாத்திரை எதுவும் போட்டீங்களா?" விவசாயியின் மனைவியைப் பார்த்துக் கேட்டார் இவர். அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டு, "இல்லயேத்தா" என்றார்.

இவர் காலுக்குப் பக்கத்தில் குனிந்து மூக்கை வைத்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. நோட்டில் எழுதினார். கேஸ் ஷீட்டை என்னிடமிருந்து வாங்கி அதிலும் எழுதினார்: விடியற்காலை நடுக்கம், புண்ணின் கட்டிலிருந்து வாடை, பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ். பெரிய சாருக்குத் தியேட்டரில் ஒரு கேஸ் காத்திருந்தது. சார்ட்டைப் பார்த்தார். "காய்ச்சல் இல்ல. குட். எப்படிய்யா இருக்கு?"

"நல்லாருக்கேங்கய்யா. வீட்டுக்கு அனுப்பிச்சீங்கன்னா நல்லது. நாளைக்கு எங்க வயலுக்குக் கதிர் அறுக்குற மிஷினு வருது. விட்டா இன்னும் பத்து நாளு ஆகும்."

"சார், விடியக்காலைல நல்ல நடுக்கம் வந்துருக்கு" என்றார் இவர். "கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு அனுப்பலாம்."

பெரிய சார் விவசாயியைப் பார்த்தார். "நடுங்குச்சாய்யா?"

விடியற்காலையில் போர்வைக்குள் துள்ளிய மனுஷன் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "ஃபேன் காத்துங்கய்யா. வேற ஒண்ணுமில்ல."

"பொய் சொல்றார் சார்."

இந்தத் தடவை பெரிய சார் சிரிக்கவில்லை. "பேஷண்டே இல்லங்கிறார். சார்ட்டும் இல்லங்குது. நீ மட்டும் இருக்குங்கிறயேம்மா. டிஸ்சார்ஜ்."

வராந்தாவில், லிஃப்ட் வருவதற்காக நின்றபோது இவர் மறுபடியும் முன்னால் போய் நின்றார். "சார், ரெண்டு நிமிஷம். எனக்கு வாடை வருது சார். அந்தக் கட்டை மட்டும் பிரிச்சுப் பாத்துருங்க. இல்ல, நான் பிரிக்கிறேன், சரின்னு சொல்லுங்க."

"மூணு நாள்ல ரிவ்யூ வரட்டும். அப்பப் பாப்போம். தியேட்டர்ல ஆளு மயக்கத்துல கெடக்கு" என்று லிஃப்டுக்குள் போனார்.

அப்போது அங்கே இருந்தது நான்கு பேர். பெரிய சார், இவர், வார்டு நர்ஸ், நான். எனக்கும் இவருக்கும் நடுவில் ட்ராலி மட்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது இவர் அந்தம்மாவிடம், "குளிரு வந்தாலோ வாடை அடிச்சாலோ அன்னைக்கே வந்துரணும். மிஷினு, மாடுன்னு உக்காந்துறாதீங்க" என்று மூன்று தடவை சொல்லி, மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தார். சொன்னார்கள். வரவில்லை. நான்காம் நாள்தான் ஆம்புலன்சில் வந்தார்கள். கட்டைப் பிரித்ததும் வார்டு கிளார்க்கான எனக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

விவசாயியின் அண்ணன் மகன் மறுநாள் ரிசப்ஷனில் வந்து நின்று கத்தினான். "அஞ்சு நாளு வச்சிருந்து, நல்லாருக்குன்னு அனுப்பி, இப்பக் காலை எடுத்தோம்ங்கிறீங்க. யாரு பாத்தா? யாரு அனுப்பினா? பேரு வேணும்!"

பேர் கேட்டதும் ஆஸ்பத்திரிக்கு டீம் ஞாபகம் வந்தது. மத்தியானம் மீட்டிங். மேஜையைச் சுற்றிப் பெரிய சார், நிர்வாக அதிகாரி, நர்சிங் தலைவி, வார்டு நர்ஸ், இவர், நான். அதிகாரி கேஸ் ஷீட்டைத் திறந்தார்.

"எழுதிருக்கீங்க. சரி. எழுதுறது எப்ப வேணாலும் எழுதலாம். சார்கிட்ட வாயால சொன்னீங்களா?"

"ரெண்டு தடவை சொன்னேன். கட்டில்கிட்ட ஒண்ணு, லிஃப்ட்கிட்ட ஒண்ணு."

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றார். அவர் பொய் சொன்னார் என்றுகூட நான் எழுத மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை கட்டில், எத்தனை வாய். அவர் காதில் விழுந்ததெல்லாம் தங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. ஒரு மனுஷனின் கால் சம்பந்தப்பட்ட பேச்சு, ஞாபகத்தில் தங்காத அளவுக்குச் சாதாரணப் பேச்சாகிவிட்டது.

வார்டு நர்சைக் கேட்டார்கள். "நான் டிரிப் மாத்திக்கிட்டிருந்தேன் சார்" என்றது அந்தப் பெண். லிஃப்டுக்குப் பக்கத்தில் எந்த டிரிப்?

பெரிய சார் என் பக்கம் திரும்பினார். அதட்டவில்லை. வீட்டு ஆளைக் கேட்பது மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"நீ பக்கத்துலதானப்பா இருந்த. இந்தப் பிள்ளை ஏதாச்சும் சொன்னுச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. நான் கேட்டேன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்து, 'உங்களிடம் சொன்னார்கள், நீங்கள்தான் கேட்கவில்லை' என்று சொல்வது மரியாதை இல்லை என்று பட்டது. கட்டிலில் படுத்திருப்பவன் எப்படிச் சிரிப்பானோ அப்படியே நானும் சிரித்தேன்.

"ட்ராலி சத்தத்துல சரியாக் கேக்கலைங்க சார்."

ஊர்ப்பேச்சையெல்லாம் காதில் சேர்த்துவைக்கிறவன் நான். எதிர் வார்டில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று சொல்லுக்குச் சொல் சொல்வேன். எனக்குக் கேட்கவில்லையாம்.

இவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னை ஒரு தடவை பார்த்தார்.

"ட்ராலி நின்னுக்கிட்டிருந்துச்சு அண்ணே" என்றார்.

அவ்வளவுதான். அதற்குமேல் அந்த அறையில் யாரிடமும் அவர் எதையும் நிரூபிக்கப் பார்க்கவில்லை.

விவசாயியின் அண்ணன் மகனுக்கு, பி.ஏ. சரியாகத் தகவல் சொல்லவில்லை என்று கடிதம் போனது. இவரை வேலையை விட்டு எடுக்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி பெருந்தன்மையான ஆஸ்பத்திரி. இனிமேல் ரவுண்ட்ஸில் அவர் பேச வேண்டாம், எழுதிவைத்தால் போதும், டாக்டர் நேரம் இருக்கும்போது பார்த்துக்கொள்வார் என்று உத்தரவு. மறுநாள் காலை அவர் வந்தார். ஏழு மணிக்கு எல்லாக் கட்டிலையும் பார்த்தார், எழுதினார். நிர்வாக அறைக்குப் போனார்.

"என் வாயை வீட்டுல கழட்டி வச்சுட்டு வரச் சொல்றீங்க. அது ஒட்டிக்கிட்டுல சார் இருக்கு" என்று சொல்லி, அடையாள அட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போனாராம். வாசலில் செக்யூரிட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அவர் போனபிறகு ரவுண்ட்ஸ் சீக்கிரம் முடிந்தது. எல்லாரும் நன்றாக இருந்தார்கள். கட்டிலுக்குக் கட்டில் "நல்லாருக்கேங்கய்யா". அதைக் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்கத் தைரியம் இல்லை.

பத்து நாள் கழித்து விவசாயியை வீட்டுக்கு அனுப்பும் நாள். அவர் மனைவி சம்மரி வாங்க என் மேஜைக்கு வந்தார்.

"அந்தத் திட்டுற பொண்ணு எங்கய்யா? ஆளையே காணோம்."

"வேலைய விட்டுப் போயிருச்சும்மா."

"ஏன்?"

நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரருக்குக் குளிரு வந்தத டாக்டர்கிட்டச் சொல்லலைன்னு" என்றேன்.

அந்தம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "அது சொன்னுச்சேய்யா! எங்க கண்ணு முன்னால சொன்னுச்சே! இந்த மனுசன்ல இல்லன்னு சொன்னாரு! நான்ல அஞ்சு மணிக்குப் பையிலருந்து காய்ச்சல் மாத்திரையக் குடுத்தேன், டாக்டரு வரப்ப உடம்பு சுட்டா வீட்டுக்கு விட மாட்டாங்கன்னு! மிஷினுக்காரன் போன் மேல போன் போடுறான்னு!"

மூச்சு வாங்கினார். அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நேராகப் பெரிய சாரின் அறைக்குப் போனார். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் "ஏம்மா, டோக்கன்" என்றார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலேயே ஓடினேன்.

அந்தம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரை, மிஷின், போர்வை, எல்லாம். "பொய் சொன்னது நாங்க. அந்தப் புள்ள இல்ல. நாங்க உங்களுக்குப் பயந்து சொன்னோம்யா, அது பயப்படாமச் சொன்னுச்சு." அவர் இதுவரை எந்த டாக்டரிடமும் அவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். காலை இழந்த மனுஷனின் பொண்டாட்டி பேசிவிட்டார்.

"சார், லிஃப்ட்கிட்டயும் அவங்க சொன்னாங்க. நான் கேட்டேன்" என்றேன்.

பெரிய சார் என்னைப் பார்த்தார். "அன்னைக்கு ஏன் சொல்லல?"

"மரியாதைக்கு சார்."

சொல்லி முடித்ததும் என் காதுக்கே அது அசிங்கமாகக் கேட்டது. அவர் பேனாவை மூடித் திறந்தார். கடைசியில், "சரி. அந்தப் பிள்ளைய வரச் சொல்லு. பழைய மாதிரியே இருக்கட்டும்" என்றார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் நாலரை மணிக்கு விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். கையில் ஃபைல். எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு சமயநல்லூரில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வேறெங்கோ இண்டர்வியூவாம்.

"மேடம், விஷயம் தெரியுமா? அந்தம்மா வந்து பெரிய சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருச்சு. நானும் சொல்லிட்டேன். உங்கள வரச் சொன்னாரு. பழைய மாதிரியே இருக்கலாம்னாரு."

அவர் முகத்தில் நான் நினைத்த மாதிரி எதுவும் வரவில்லை.

"எங்க வச்சுச் சொன்னாரு?"

"அவரு ரூம்லதான்."

"மீட்டிங்ல இருந்தாங்களே, அவங்கள்லாம் இருந்தாங்களா?"

"இல்ல."

"அந்தம்மா வீட்டுக்குப் போச்சே கடிதாசி, பி.ஏ. சொல்லலைன்னு. அதை மாத்தி வேற எழுதினாங்களா?"

"இல்ல மேடம்."

"என்னைத் தப்புன்னு சொன்னது அஞ்சு பேரு முன்னாடி. தப்பில்லன்னு சொல்றது கதவைச் சாத்திக்கிட்டா? அது எனக்குச் சொன்னது இல்லண்ணே. அவருக்கு அவரே சொல்லிக்கிட்டது."

"நான் செஞ்சது தப்புதான் மேடம். மனசு அடிச்சுக்கிச்சு. அதான் சொல்லிட்டேன்."

"தெரியுது. ரெண்டு நாளா நல்லாத் தூங்கிருப்பீங்க" என்றார். குரல் உயரவே இல்லை. "மீட்டிங்ல சொல்லிருந்தா எனக்கு நல்லது ஆயிருக்கும். இப்பச் சொன்னதுல உங்களுக்கு ஆயிருச்சு. ரெண்டுலயும் அந்தாளுக்குக் கால் வரப்போறதில்ல. நான் நாளைக்கு இன்னொரு வார்டுல போய் நின்னு, இவர் பொய் சொல்றார்னு சொல்லணும். அங்க எவன் காது கேக்காதுன்னு சொல்லப்போறான்னு பாத்துப் பாத்தே சொல்லணும். முன்னாடி அந்தப் பயம் எனக்குக் கிடையாதுண்ணே. அதை நீங்கதான் குடுத்தீங்க."

நான் அவருக்கு முன்னால் வழியை மறித்துக்கொண்டே நின்றிருந்தேன்.

"பஸ் வந்துருச்சு. வழிய விடுங்க."

நகர்ந்தேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். பஸ் சாய்ந்துகொண்டு வந்தது. படியில் ஓர் ஆள் கம்பியைக் கட்டிக்கொண்டு தொங்கினான். "உள்ள போங்கய்யா, உள்ள எம்புட்டு எடம் கெடக்கு! கீழ விழுந்தா உங்கள எவன் தூக்குறது?" என்று இவர் பழைய குரலில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற மாதிரி அதட்டினார். அந்த ஆள் மறுபேச்சில்லாமல் உள்ளே போனான். அவர் ஏறிக்கொண்டார்.